மென்பொருட்டளமும் சூழற்றொகுதியும்: சில அடிப்படை எண்ணக்கருக்களின் வரலாற்றுப் பின்னணி

கணனித் தொழிற்றுறை பற்றிய இன்றைய எழுத்துக்களிலே 'தளம்', 'சூழற்றொகுதி' ஆகிய இரு சொற்களும் பெரும்பாலும் இணைந்தே வழங்குகின்றன. ஒரு கம்பனி உருவாக்கிய மென்பொருள் அடித்தளமாக அமைய, அதன்மீது அக்கம்பனியைச் சாராத எண்ணற்றோர் தத்தம் செய்நிரல்களை எழுதுவதும், அவற்றைக் கோடிக்கணக்கானோர் பயன்படுத்துவதும் இச்சொற்களாற் குறிக்கப்படுகின்றன. மேசைக்கணனியில் இயங்கும் வின்டோசும், கைத்தொலைபேசியில் இயங்கும் அன்ட்ரொயிட்டும் ஐ.ஓ.எஸ்.ஸும் யாவரும் அறிந்த எடுத்துக்காட்டுகள். முகாமைத்துவ நூல்கள் இவ்வமைப்பின் இலக்கணத்தைச் சில எண்ணக்கருக்களாக வகுத்துத் தருகின்றன. நிலையான மையம், மாறுந்தன்மையுள்ள புறப்பகுதி, இரண்டையும் பிணைக்கும் இடைமுகம், வலைப்பின்னல் விளைவு, தளத்தின் ஆட்சிமுறை என்பன அவற்றுள் தலையாயவை.

பாடநூல்களிலே வரைவிலக்கணங்களாக வரும்பொழுது இவை காலங்கடந்த தொழில்நுட்ப உண்மைகள் போலத் தோற்றமளிக்கின்றன. ஆனால் இவை ஒவ்வொன்றுக்கும் பிறந்த காலமும் இடமும் உண்டு. பெரும்பாலும் ஒரு வழக்கும் உண்டு. இக்கட்டுரையில் நாம் அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்ந்து, இவ்வெண்ணக்கருக்கள் எவ்வகையான உடைமை உறவுகளின் வெளிப்பாடுகள் என்பதைக் காட்ட முற்படுகின்றோம்.

முதலிற் சொல்லைக் கவனிப்போம். 'சூழற்றொகுதி' என்ற எண்ணக்கருவை 1935 இல் அறிமுகஞ் செய்தவர் ஆதர் ரான்ஸ்லி என்னும் பிரித்தானியத் தாவரவியலாளர். உயிரினங்களையும் அவற்றின் பௌதிகச் சூழலையும் ஒன்றிணைந்த தொகுதியாக நோக்குதற்கு அவர் இதனைக் கையாண்டார். 1993 இல் ஜேம்ஸ் மூர் என்பவர் 'ஹாவாட் பிஸ்னஸ் றிவியூ' சஞ்சிகையில் எழுதிய கட்டுரையொன்றில் இவ்வுருவகத்தை வணிகத்துக்குப் பொருத்தினார். கம்பனிகளைத் தனித்தனித் தொழிற்றுறைகளின் உறுப்புக்களாகக் கொள்ளாது, ஒன்றையொன்று சார்ந்து கூர்ப்படையும் உயிரினங்களாகக் கொள்ளவேண்டும் என்பது அவர் கருத்து.

உருவகம் ஒன்றை விளக்கும் அதேவேளை வேறொன்றை மறைக்கவுங்கூடும். காட்டிலே மரமும் கொடியும் வண்டும் ஒன்றையொன்று சார்ந்து வாழ்கின்றன. ஆயினும் வண்டு எந்தப் பூவில் அமரலாம் என ஒப்பந்தம் எழுதுபவர் எவரும் அங்கில்லை. தேனில் நூற்றுக்கு முப்பது வீதத்தை அறவிடுபவரும் இல்லை. மென்பொருட்டளத்திலோ விதிகளை எழுதுபவர் உளர், அறவிடுபவரும் உளர். இந்த வேறுபாடே எமது ஆய்வின் தொடக்கப்புள்ளி.

1. இடைமுகத்தின் தோற்றம்

1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் ஒவ்வொரு கணனி வகையும் தனித்தனித் தீவாக இருந்தது. ஒரு வகைக்கு எழுதிய செய்நிரல் மற்றொன்றில் இயங்காது. ஐ.பி.எம். கம்பனியின் கணனிகளுக்கிடையிலேயே இந்நிலை காணப்பட்டது. வாடிக்கையாளர் பெரிய கணனிக்கு மாறும்பொழுது பழைய செய்நிரல்களைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது.

இந்நிலைக்குத் தீர்வாகவே 1964 ஏப்பிரல் 7ஆம் திகதி ஐ.பி.எம். தனது 'சிஸ்ரம் 360' கணனிக் குடும்பத்தை அறிவித்தது. விலையிலும் வேகத்திலும் வேறுபட்ட பல கணனிகள் ஒரே அறிவுறுத்தற் றொகுதியைப் பின்பற்றின. இதனை வடிவமைத்தோருள் முக்கியமானவர்களான ஜீன் அம்டால், கெரிற் பிளாவ், பிரெட் புறூக்ஸ் ஆகிய மூவரும் அவ்வாண்டிலேயே வெளியிட்ட கட்டுரையில், செய்நிரலருக்குத் தோன்றும் கணனியையும் அதன் உள்ளமைப்பையும் வேறுபடுத்தி, முன்னையதைக் 'கட்டமைப்பு' என்ற சொல்லாற் சுட்டினர். உள்ளமைப்பு மாறலாம், செய்நிரலருக்குக் காட்டப்படும் முகம் மாறலாகாது. மாறாத மையம், மாறும் புறப்பகுதி, இடையே வாக்குறுதி போன்ற இடைமுகம் என்ற முக்கூற்று அமைப்பின் தெளிவான வரலாற்று வடிவத்தை இங்கேயே காண்கின்றோம். 1972 இல் டேவிட் பார்னஸ் மென்பொருளைக் கூறுகளாகப் பிரிப்பதற்கான நியதியை வகுத்தார். மாறக்கூடிய முடிவுகளை ஒவ்வொரு கூற்றினுள்ளும் மறைத்துவைக்க வேண்டும் என்ற அவரது கோட்பாடு இதே சிந்தனைப் போக்கை மென்பொருட்டுறையில் வளர்த்தது.

எதிர்பாராத விளைவொன்றும் உண்டாயிற்று. இடைமுகம் நிலையானதாகவும் அறியப்பட்டதாகவும் இருந்தமையால், ஐ.பி.எம். கணனியுடன் இணைக்கத்தக்க வட்டுக் கருவிகளையும் நாடாக் கருவிகளையும் பிற கம்பனிகள் குறைந்த விலையில் உற்பத்தி செய்யத் தொடங்கின. 1970 இல் ஐ.பி.எம்.மை விட்டு விலகிய அம்டால், தாமே நிறுவிய கம்பனியின் மூலம் 1975 இல் ஐ.பி.எம். மென்பொருளை இயக்கவல்ல முழுக் கணனியையே விற்பனைக்குக் கொணர்ந்தார். தன் உற்பத்தியை ஒழுங்குபடுத்தும் பொருட்டு ஒரு கம்பனி வரைந்த எல்லைக்கோடு, பிறர் உள்ளே நுழையும் வாசலாகவும் மாறியது. இடைமுகம் ஒரே வேளையில் வேலியாகவும் வாசலாகவும் அமைகின்றது என்பது தளங்களின் வரலாறு முழுவதற்கும் பொருந்தும் உண்மையாகும்.

2. மென்பொருள் தனிப்பண்டமாதல்

இடைமுகம் மட்டும் இருந்தாற் போதாது. புறப்பகுதியிற் பிறர் உழைத்துப் பிழைப்பதற்கு மென்பொருள் தனித்து விலைபோகும் பண்டமாக வேண்டும். தொடக்கத்தில் நிலைமை அவ்வாறிருக்கவில்லை. கணனியைப் பெறுவோருக்கு மென்பொருள் தனி விலையின்றிச் சேர்த்தே வழங்கப்பட்டது. ஐ.பி.எம். கணனிகளைப் பயன்படுத்தியோர் 1955 இல் 'ஷெயர்' என்ற அமைப்பை நிறுவித் தாம் எழுதிய செய்நிரல்களைத் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். ஆகவே, மென்பொருளை இலவசமாகப் பகிர்தல் பிற்காலத்து இலட்சியவாதிகளின் கண்டுபிடிப்பு எனக் கொள்வது பொருந்தாது.

அடுத்த தசாப்தத்தில் மென்பொருளை மட்டும் விற்க முற்பட்ட சிறு கம்பனிகள் தோன்றின. 'அப்ளைட் டேற்றா றிசேர்ச்' என்ற அமெரிக்கக் கம்பனி 1965 இல் 'ஓட்டோஃப்ளோ' எனும் பாய்ச்சற் கோட்டுப்பட மென்பொருளை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதையொத்த ஒன்றை ஐ.பி.எம். தன் வாடிக்கையாளருக்கு இலவசமாகவே கொடுத்து வந்தது. இலவசப் பொருளுடன் விலைக்குரிய பொருள் எவ்வாறு போட்டியிடும்? 1969 ஏப்பிரலில் அக்கம்பனி ஐ.பி.எம்.முக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே, ஜனவரி 17ஆம் திகதி, அமெரிக்க அரசு ஏகபோக எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் தனது வழக்கைத் தாக்கல் செய்திருந்தது. 1969 யூன் 23ஆம் திகதி ஐ.பி.எம். தனது மென்பொருட்கள் பலவற்றுக்கும் சேவைகளுக்கும் தனி விலை குறிக்கப்போவதாக அறிவித்தது. வழக்குகளே காரணம் என்போரும், பெருகிவந்த மென்பொருட் செலவே காரணம் என்போரும் உளர். எவ்வாறாயினும், மென்பொருள் தனக்கென விலையும் சந்தையும் உடைய பண்டமாக நிலைபெற்றமைக்கு அவ்வறிவிப்பு முக்கிய திருப்பமாயிற்று. அரசு தொடுத்த வழக்கு பதின்மூன்று ஆண்டுகள் இழுபட்டு 1982 ஜனவரியிற் கைவிடப்பட்டது.

இங்கு மனங்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. தளத்தின் உடைமையாளர், அத்தளத்திற் பிழைக்கும் சிறு உற்பத்தியாளரின் பண்டத்தைத் தாமே இலவசமாக வழங்கி அவரை நெருக்கும் முறை, கணனித்துறையின் தொடக்க காலத்திலேயே தோன்றிவிட்டது. பிற்காலத்தில் இது பெரும் அளவிலே திரும்பவும் நிகழ்ந்ததைக் காண்போம்.

3. வலைப்பின்னல் விளைவும் ஏகபோகமும்

1981 ஓகஸ்ற் 12ஆம் திகதி ஐ.பி.எம். தனது தனியாட் கணனியை வெளியிட்டது. விரைவாகச் சந்தைக்கு வரும் நோக்குடன் பிறர் ஆக்கிய பகுதிகளைக் கொண்டே அது அமைக்கப்பட்டது. நுண்செயலி இன்ரெல் கம்பனியுடையது. பணிசெயல் முறைமையை, அதாவது வன்பொருளுக்கும் செய்நிரல்களுக்கும் இடையில் நின்று இரண்டையும் இயைவிக்கும் அடிப்படை மென்பொருளை, மைக்ரோசொவ்ற் வழங்கியது. அம்மென்பொருளும் மைக்ரோசொவ்ற் தானே முதலில் எழுதியதன்று. சியாற்றில் கம்பியூற்றர் புறொடக்ற்ஸ் என்ற சிறு கம்பனியிடமிருந்து வாங்கியது. ஐ.பி.எம்.முக்கு வழங்கியபின்னும் அதனைப் பிறருக்கு விற்கும் உரிமையை மைக்ரோசொவ்ற் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஒப்பந்தத்தின் இவ்வொரு கூறே தொழிற்றுறையின் அதிகாரம் எங்கு குவியும் என்பதைத் தீர்மானித்தது.

ஐ.பி.எம்.முக்கே உரியதாக எஞ்சியிருந்தது, கணனியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டு மென்பொருள். அதன் மூலநிரலைப் பாராமலே, அது செய்யும் பணிகளை மட்டும் விவரித்து, வேறு செய்நிரலரைக் கொண்டு புதிதாக எழுதுவித்தது கொம்பாக் கம்பனி. 1983 இல் அதன் கணனி விற்பனைக்கு வந்தது. தொடர்ந்து எண்ணற்ற ஒத்த கணனிகள் பெருகின. 1987 இல் ஐ.பி.எம். தனக்கே உரிமையான புதிய இணைப்பு முறையைப் புகுத்தி இழந்ததை மீட்க முயன்றபோது, போட்டிக் கம்பனிகள் ஒன்பது கூடி அடுத்த ஆண்டிலேயே மாற்றுமுறையொன்றை அறிவித்தன. தளத்தைப் படைத்தவர் அதன் உடைமையாளராக நிலைப்பதில்லை; பிறராற் பிரதிசெய்ய இயலாத இடைமுகம் எவர் கையில் உள்ளதோ அவரே உடைமையாளராகின்றார். 2005 இல் ஐ.பி.எம். தன் தனியாட் கணனிப் பிரிவைச் சீனாவின் லெனோவோ கம்பனிக்கு விற்றுவிட்டது.

மைக்ரோசொவ்ற்றின் வலிமைக்கான பொருளாதார விளக்கம் 1980களில் உருவாயிற்று. மைக்கல் கற்ஸ், கார்ல் ஷபிறோ இருவரும் 1985 இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் முன்னோடியானது. ஒரு பொருளைப் பலர் பயன்படுத்துவதனாலேயே அதன் பயன்மதிப்பு ஒவ்வொருவருக்கும் உயரும் நிலையை இது ஆராய்ந்தது. பயனர் மிகுதியால் செய்நிரலர் வருவர். செய்நிரல்கள் மிகுதியால் மேலும் பயனர் வருவர். இச்சுழற்சியையே வலைப்பின்னல் விளைவு என்கின்றோம். இருபுறத்தாரையும் ஒன்றுசேர்க்கும் இடையாளர் எப்புறத்தில் எவ்வளவு அறவிடுவார் என்ற வினாவை 2003 இல் றொஷே, ரிறோல் இருவரும் கோட்பாடாக வளர்த்தனர்.

இவ்விளக்கம் சரியானதே. ஆனால் இதனை உழைப்பின் நோக்கிலும் பார்த்தல் வேண்டும். வின்டோசின் பெறுமதியிற் பெரும்பங்கு மைக்ரோசொவ்ற்றின் சம்பளப்பட்டியலில் இல்லாத பல்லாயிரம் செய்நிரலரின் உழைப்பால் உண்டானது. அவர்கள் எழுதிய ஒவ்வொரு செய்நிரலும் வின்டோசை விட்டு விலகுவதைப் பயனருக்கு மேலும் கடினமாக்கியது. உழைத்தவர் தாம் கட்டுண்ட வேலியைத் தாமே உயர்த்தினர் எனலாம். அமெரிக்க நீதிமன்றமும் வேறு மொழியில் இதனையே கூறியது. 1998 மே 18ஆம் திகதி தொடுக்கப்பட்ட வழக்கிலே நீதிபதி ஜாக்சன் 1999 நவம்பரில் வெளியிட்ட முடிவுகளில், பிரயோகச் செய்நிரல்களின் மிகுதியே புதியவர் நுழையாவண்ணம் தடையாக நிற்கின்றது எனக் கண்டார். நெற்ஸ்கேப் கம்பனியின் இணைய உலாவி எந்தக் கணனியிலும் இயங்கவல்ல செய்நிரல்களுக்கு மாற்றுத்தளமாக வளரக்கூடும் என்ற அச்சமே மைக்ரோசொவ்ற் தனது உலாவியைத் தனி விலையின்றி வின்டோசுடன் பிணைத்தமைக்குக் காரணமாயிற்று. ஓட்டோஃப்ளோவின் கதை முப்பது ஆண்டுகளின் பின் திரும்பியது. கம்பனியை இரண்டாகப் பிரிக்குமாறு 2000 யூனில் இடப்பட்ட கட்டளையை 2001 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. எனினும் சட்டவிரோதமாக ஏகபோகத்தைப் பேணியமை பற்றிய தீர்ப்பை முக்கிய அம்சங்களில் உறுதிசெய்தது.

4. வாயிலும் வரியும்

வின்டோசுக்குச் செய்நிரல் எழுதுபவர் மைக்ரோசொவ்ற்றிடம் அனுமதி பெறவேண்டியிருக்கவில்லை. அனுமதியைத் தளத்தின் நிபந்தனையாக்கிய முறை வேறொரு துறையில், அதாவது தொலைக்காட்சி விளையாட்டுக் கருவிகளில், உருவானது. அற்றாரி கம்பனியை விட்டு விலகிய செய்நிரலர் சிலர் 1979 இல் அக்ரிவிஷன் கம்பனியை நிறுவி, அற்றாரியின் கருவிக்கே விளையாட்டுக்களை விற்றனர். அற்றாரி வழக்குத் தொடுத்தும் அவர்களைத் தடுக்க இயலவில்லை. பின்னர் பலர் தரமற்ற விளையாட்டுக்களைக் குவித்தனர். 1983 இல் வட அமெரிக்கச் சந்தை சரிந்தது. அதன்பின் வந்த ஜப்பானிய நின்ரென்டோ கம்பனி, தான் அனுமதியாத விளையாட்டை ஏற்காத பூட்டுச் சில்லைக் கருவியினுள் வைத்தது. விளையாட்டுப் பேழைகளைத் தானே உற்பத்தி செய்தது. ஓர் உரிமக்காரர் ஆண்டொன்றுக்கு வெளியிடத்தக்க விளையாட்டுக்களின் தொகையையும் வரையறுத்தது.

அப்பிள் கம்பனி 2007 இல் ஐபோனை வெளியிட்டபொழுது வெளியார் செய்நிரல்களுக்கு அதில் இடமிருக்கவில்லை. இணைய உலாவியூடாகச் செயற்படும் செய்நிரல்கள் போதும் என்றே ஸ்ரீவ் ஜொப்ஸ் அவ்வாண்டு யூனிற் கூறினார். சில மாதங்களுள் அந்நிலைப்பாடு மாறியது. 2008 யூலை 10ஆம் திகதி ஏறத்தாழ ஐந்நூறு செய்நிரல்களுடன் அப்பிளின் செய்நிரற் கடை திறக்கப்பட்டது. ஒவ்வொரு செய்நிரலும் அப்பிளின் பரிசீலனைக்கு உட்பட வேண்டும். தொடக்கத்தில் விற்பனை வருவாயில் நூற்றுக்கு 30 வீதம் அப்பிளுக்குச் சேர்ந்தது. நின்ரென்டோவின் வாயில் இங்கு பொதுக் கணனியொன்றுக்குப் பொருத்தப்பட்டது.

இதற்குக் கூறப்படும் நியாயங்களை நாம் புறக்கணித்தல் தகாது. தீங்கான செய்நிரல்களிலிருந்து பயனரைப் பாதுகாத்தல் உண்மையான பணியே. தனியொரு செய்நிரலர் உலகெங்கும் விற்கும் வாய்ப்பும் முன்னர் இருந்ததில்லை. ஆயினும் பரிசீலனைக்கான நியாயம் கட்டணத்தின் அளவுக்கு நியாயமாகிவிடாது. தளத்தின் உடைமையாளர் சட்டம் இயற்றுபவராகவும், நீதி வழங்குபவராகவும், வரி அறவிடுபவராகவும், அதே சந்தையில் தாமும் பண்டம் விற்பவராகவும் இருக்கின்றார். தளத்தின் ஆட்சிமுறை என்ற எண்ணக்கரு இந்நான்கு பாத்திரங்களின் சேர்க்கையையே நாகரிகமாகக் குறிக்கின்றது.

திறந்த மூலநிரல் இதற்கு மாற்றாகாதா என்று கேட்கலாம். அன்ட்ரொயிட்டின் வரலாறு ஒரு பாதி விடையைத் தருகின்றது. லினஸ் ரோர்வால்ட்ஸ் 1991 இல் தொடங்கிய லினக்ஸ் கருவின் மீது கட்டப்பட்ட அன்ட்ரொயிட்டின் அடிப்படை மூலநிரல் எவரும் பெறத்தக்கது. ஆனால் கூகிளின் செய்நிரற் கடை மூலநிரலின் பகுதியன்று. அதனைப் பெறவிரும்பிய உற்பத்தியாளர் கூகிளின் தேடற் செய்நிரலையும் உலாவியையும் முன்னரே பதித்தல் வேண்டியிருந்தது. அன்ட்ரொயிட்டின் மாற்று வடிவங்களில் இயங்கும் கருவிகளை விற்கவும் அவர்களுக்கு அனுமதி இருக்கவில்லை. இந்நிபந்தனைகளுக்காக ஐரோப்பிய ஆணைக்குழு 2018 யூலையில் 434 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2022 இல் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் தொகையைச் சிறிது குறைத்து, முடிவைப் பெரும்பாலும் உறுதிசெய்தது. ஓர் அடுக்கு பொதுவுடைமையாகும்போது அதிகாரம் அடுத்த அடுக்கிற்கு நகர்ந்துவிடுகின்றது என்பது இதனாற் பெறப்படும் படிப்பினை.

5. எல்லைக்கோடு யாருக்குரியது?

அண்மைக் கால வழக்குகள் அனைத்தும் இவ்வொரு வினாவையே சுற்றிவருகின்றன. ஜாவா மொழியின் இடைமுக அறிவிப்புக்களில் ஏறத்தாழ 11,500 வரிகளைக் கூகிள் அன்ட்ரொயிட்டிற் பயன்படுத்தியமைக்கு எதிராக ஒறக்கிள் கம்பனி 2010 இல் வழக்குத் தொடுத்தது. 2021 ஏப்பிரல் 5ஆம் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம் அதனை நியாயமான பயன்பாடு எனத் தீர்த்தது. இடைமுகத்துக்குப் பதிப்புரிமை உண்டா என்ற அடிப்படை வினாவுக்கு அது விடை கூறவில்லை. எனினும், தாம் முயன்று கற்ற இடைமுகத்தைச் செய்நிரலர் புதிய தளத்திலும் பயன்படுத்த இயலுவதற்கு அத்தீர்ப்பு மதிப்பளித்தது. பெறுமதியின் ஒரு பகுதி உடைமையாளருடையதன்று, கற்றவருடையது என்ற ஏற்பு அதில் அடங்கியுள்ளது எனக் கருதுகின்றோம்.

2020 ஓகஸ்ற்றில் எபிக் கேம்ஸ் கம்பனி அப்பிளுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 2021 இல் நீதிமன்றம் எபிக்கின் பெரும்பாலான வாதங்களை ஏற்கவில்லை. ஆனால் கடைக்கு வெளியே பணஞ்செலுத்தும் வழியைப் பயனருக்குச் சுட்டிக்காட்டச் செய்நிரலரைத் தடுக்கலாகாது எனக் கட்டளையிட்டது. அக்கட்டளையை அப்பிள் வேண்டுமென்றே மீறியதாக 2025 ஏப்பிரலில் அதே நீதிமன்றம் கண்டது. இவ்வழக்கில் மோதியவை இரண்டும் பெருமூலதனங்களே. சிறு செய்நிரலரின் குரல் அங்கு தனித்து ஒலித்ததெனக் கூறிவிட முடியாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் இயற்றிய இலக்கமுறைச் சந்தைகள் பற்றிய சட்டம் வேறொரு வழியை மேற்கொண்டது. குற்றம் நிகழ்ந்தபின் வழக்காடுவதை விடுத்து, பெருந்தளங்களுக்கு முன்கூட்டியே கடமைகளை விதித்தது. 2023 செப்ரெம்பரில் ஆறு கம்பனிகள் பெயர் குறிக்கப்பட்டன. 2024 மார்ச் மாதத்தில் அவை அக்கடமைகளுக்கு உட்பட்டன. அச்சட்டம் அவற்றுக்கு இட்ட பெயர் 'வாயிற்காவலர்' என்பது. இயற்கையிலிருந்து எடுத்த உருவகத்தைக் கைவிட்டு, வாயிலையும் அதிற் காவல் நிற்பவரையும் சுட்டும் சொல்லைச் சட்டம் தேர்ந்தமை பொருள் பொதிந்தது.

தொகுத்து நோக்கின், இடைமுகம் உழைப்பைப் பகுத்து ஒருங்கிணைத்தது. மென்பொருள் பண்டமானமை வெளியாரை உள்ளே அழைத்தது. வலைப்பின்னல் விளைவு அவர்களது உழைப்பின் பயனை ஓரிடத்திற் குவித்தது. வாயில் அக்குவியலை வருவாயாக்கியது. முன்பின் அறியாத இலட்சக்கணக்கானோர் ஒருவரோடொருவர் பேசாமலே கூடி உழைக்க வழிசெய்தமை மனித குலத்தின் அரிய சாதனையாகும். அச்சாதனையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. உற்பத்தி இவ்வளவு தூரம் சமூகமயப்பட்டிருக்க, அவ்வுற்பத்தியின் எல்லைக்கோடு மட்டும் தனியுடைமையாக நீடிப்பதே இதன் அடிப்படை முரண்பாடு.

எனவே 'சூழற்றொகுதி' என்ற சொல்லை எதிர்ப்படுந்தோறும் மூன்று வினாக்களை எழுப்புதல் ஆய்வாளர் கடனாகும். இடைமுகத்தை மாற்றும் உரிமை யாருக்குண்டு? அம்மாற்றத்தின் இழப்பை ஏற்பவர் யார்? வெளியேற விரும்புபவர் எதனை உடன்கொண்டு செல்லலாம்? இம்மூன்றுக்கும் இதுவரை கிடைத்துள்ள விடைகள் எவையும் தொழில்நுட்பம் தானாகத் தந்தவை அல்ல. வழக்காடியும், பிரதிசெய்தும், பகிர்ந்தும், சட்டம் இயற்றியும் மனிதர் பெற்றவை அவை. இனிப் பெறவேண்டியவையும் அவ்வாறே பெறப்படும்.